ஈறு தெரியும் சிரிப்பு

“வாசல் போர்டை நாளைக்கே மாத்திடுங்க. வாய் மூடின போட்டோ அனுப்பியிருக்கேன், அதைப் போடுங்க.”

போர்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனை வைத்தார் பல் டாக்டரம்மா. முகக்கவசத்தை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

மாமியார் முன்னால் வந்தார். பின்னாலேயே மருமகள், குனிந்த தலையும் வாயில் கைக்குட்டையுமாக.

“பல் வலியா?”

“வலியெல்லாம் இல்ல டாக்டரம்மா. இவ சிரிச்சா ஈறு தெரியுது. கொஞ்சம் வெட்டிக் குறைச்சு விடுங்க” என்றார் மாமியார், தையல்காரரிடம் கை நீளம் குறைக்கச் சொல்வதுபோல.

டாக்டரம்மாவுக்குச் சுருக்கென்றது.

“நீ என்னம்மா சொல்ற?”

“அத்தை சொல்றதுதான் டாக்டர்” என்றது கைக்குட்டை.

மாமியாருக்குப் பயந்து நடுங்குகிறது பாவம் என்று நினைத்துக்கொண்டார் டாக்டரம்மா. மருமகளை நாற்காலியில் சாய்த்து, விளக்கைத் திருப்பி, சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார். வரிசை தப்பாத பல். இளஞ்சிவப்பு ஈறு. ஒரு குறையும் இல்லை.

“நல்லா இருக்கற ஈறை எதுக்கு வெட்டணும்?”

“குடும்பப் போட்டோவுல இவ மட்டும் உம்முன்னு நிக்கறா. பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க?”

“அதுக்காக ஊசி போட்டு, ஈறை அறுத்து, நாள்கணக்கா மெல்ல முடியாம கிடக்கணுமா?”

“அழகுன்னா கொஞ்சம் கஷ்டப்படத்தானே வேணும்?”

டாக்டரம்மாவுக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

“உங்க பொண்ணா இருந்தா இப்படிப் பேசுவீங்களா? இங்க பாருங்க!”

முகக்கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, காதுவரை சிரித்துக் காட்டினார்.

“நான் சிரிச்சா பல்லுக்கு முன்னாடி ஈறுதான் வந்து வணக்கம் சொல்லும். எனக்கு என்ன குறைஞ்சுபோச்சு? என் வீட்டுக்காரர் ஓடியா போயிட்டார்?”

மருமகள் நிமிர்ந்து பார்த்தாள். டாக்டரம்மாவின் ஈறு அவளுடையதைவிடத் தாராளம். கைக்குட்டை மடியில் விழ, அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டாள்.

“இப்பச் சொல்லு. வெட்டணுமா?”

“வேணாம் டாக்டர்.”

“நீ முன்னாடி போம்மா, வந்துடறேன்” என்று அவளை அனுப்பிவிட்டு, மாமியார் குரலைத் தாழ்த்தினார்.

“நல்லா திட்டினீங்க டாக்டரம்மா. வெட்டியே ஆகணும்னு ஒத்தைக் கால்ல நின்னது அவதான். ‘எனக்குக் கூச்சமா இருக்கு, நீங்களே பேசுங்க அத்தை’ன்னா. நீ சிரிச்சா நல்லாத்தாண்டி இருக்குன்னு மாமியார் சொன்னா, எந்த மருமக நம்பறா?”

டாக்டரம்மா திறந்த வாய் மூடவில்லை.

“எத்தனையோ டாக்டருங்க இருக்காங்க. என்கிட்ட எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?”

“வாசல் போர்டுல உங்க சிரிப்பைப் பார்த்தேன். இவங்க வெட்டமாட்டாங்கன்னு தெரிஞ்சுபோச்சு.”

அவர்கள் போனதும் டாக்டரம்மா போனை எடுத்தார்.

“போர்டுக்காரரே, நாளைக்கு நீங்க வரவேணாம்.”