துவைக்காத துணி

"ஐயோ அக்கா, அதைத் துவைச்சுடாதீங்க!"

டீச்சர் போட்ட சத்தத்தில், கையிலிருந்த துணியை வாளிக்குள் விடாமல் அப்படியே தூக்கிப் பிடித்தாள் கொட்டகை அக்கா. பள்ளிக்கூடத்து ஆடுகளைப் பார்த்துக்கொள்வது அவள்தான்.

"என்ன டீச்சர், ரத்தமும் பிசுபிசுப்புமா நாறுது. இதை வெச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"அந்த நாத்தம்தான் எனக்கு வேணும்."

கொட்டகைத் தடுப்புக்கு வெளியே நின்ற ஒன்பதாம் வகுப்பு கொல்லென்று சிரித்தது. புது வருஷத்தின் முதல் நாள், முதல் பீரியட், பள்ளிக்கே புதிதாக வந்த டீச்சர். ஆடு, கோழி, பாத்தி என்று கையால் தொட்டுப் படிக்கிற பாடம். அது இப்படி நாற்றத்தோடு ஆரம்பிக்கும் என்று யார் கண்டார்கள்?

விஷயம் இதுதான். அன்று காலை இரண்டு ஆடுகள் குட்டி போட்டிருந்தன. ஒன்றுக்கு மூன்று குட்டிகள். மூன்றாவது எவ்வளவோ முண்டிப் பார்த்தும் அதற்கு மடி கிடைக்கவில்லை. இன்னொன்று, அக்கா 'மகாராணி' என்று கொஞ்சும் கறுப்பு ஆடு. அதற்கு ஒரே குட்டி, பிறக்கும்போதே உயிரில்லை. அந்தக் குட்டியைத் துடைத்த துணிதான் அக்கா கையில் இருந்தது.

"அங்க பால் இருக்கு, குடிக்க ஆள் இல்லை. இங்க ஆள் இருக்கு, பால் இல்லை. ரெண்டையும் சேர்த்து வெக்கணும். இன்னைக்கே சேரலைன்னா குட்டி தாங்காது," என்றார் டீச்சர்.

"மிஸ், இது கல்யாண புரோக்கர் வேலை மாதிரி இருக்கு!" என்றான் ஒருவன். வகுப்பே அவனை 'மைக்' என்றுதான் கூப்பிட்டது.

டீச்சர் சிரித்துக்கொண்டே மூன்றாவது குட்டியைத் தூக்கி மகாராணியின் பக்கத்தில் விட்டார். மகாராணி மோந்து பார்த்தது. அடுத்த நொடி ஒரே முட்டு. குட்டி வைக்கோலில் போய் உருண்டது.

"அடிப்பாவி, பச்சப்புள்ளையை!" அக்கா கையை ஓங்கினாள்.

"திட்டாதீங்கக்கா. அது மேல தப்பே இல்லை. அது தன்னோட குட்டியைத் தேடுது. யாரோ ஒருத்தர் திடீர்னு வந்து, இனிமே நான்தான் உனக்குன்னு நின்னா யாருக்குத்தான் கோவம் வராது?"

சொல்லும்போதே டீச்சரின் கண் கடைசியில் நின்ற ரெட்டைச் சடைப் பெண்ணிடம் போய் வந்தது. காலையில் வகுப்பே 'குட் மார்னிங் மிஸ்' என்று கூரை அதிரக் கத்தியபோது, வாயைத் திறக்காதவள் அவள் ஒருத்திதான். குட்டியைப் பிழைக்க வைக்க வேண்டும், அவளிடம் ஒரு வார்த்தையாவது வாங்கிவிட வேண்டும். டீச்சருக்கு இன்றைக்கு இந்த இரண்டு ஆசைதான்.

"நீ வேணா அந்தக் கல்லு மேல உட்காரும்மா. காலையில ஒண்ணும் சாப்பிடலை, மயக்கம் வந்துடப் போகுது."

"அவ சாப்பிடலைன்னு உங்களுக்கு எப்படி மிஸ் தெரியும்?" மைக் சும்மா இருப்பானா?

"முகத்தைப் பார்த்தா தெரியாதா? நீ மூணு ஆள் சாப்பாடு சாப்பிட்டதும்தான் தெரியுது."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, உட்காரவும் இல்லை.

டீச்சர் அந்தத் துணியால் குட்டியைத் தலையிலிருந்து வால்வரை தேய்த்தார். பிறகு துணியை அதன் முதுகில் போர்த்தி, வயிற்றுக்குக் கீழே முடிச்சுப் போட்டார்.

"இது ஏமாத்துறதுதானே?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ரெட்டைச் சடைதான். 'மிஸ்' என்றுகூட இல்லை, மொட்டையாகக் கேட்டாள்.

டீச்சரின் கை ஒரு கணம் நின்றுவிட்டது.

"ஆமா," என்றார் மெதுவாக. "முதல் ரெண்டு நாள் ஏமாத்துறதுதான். அதுக்குள்ள குடிச்ச பால் இது உடம்புல ஊறி, இதோட வாசனையே மகாராணிக்குப் பழகிடும். அப்புறம் துணி வேணாம், கழட்டிடலாம்."

"அப்போ செத்துப்போன குட்டியை அது மறந்துடுமா?"

"மறக்க வேணாமே. அந்த நினைப்பு அது பாட்டுக்கு இருக்கட்டும், இதுவும் இருந்துட்டுப் போகட்டும்."



டீச்சர் குட்டியை மறுபடியும் விட்டார். மகாராணி துணியை மோந்தது, குட்டியின் வாலை மோந்தது, திரும்பவும் துணிக்கே வந்தது. மைக்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு மகாராணி அடித்தொண்டையில் மெல்லக் கனைத்தபடி குட்டியை நக்க ஆரம்பித்தது. குட்டி தட்டுத்தடுமாறி மடிக்குள் தலையை விட்டது. அதன் வால் படபடவென்று ஆடியது.

"குடிக்குது மிஸ்! குடிக்குது!" என்று வகுப்பே குதித்தது. கொட்டகை அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். டீச்சர் சந்தோஷமாகத் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார். அங்கே ரெட்டைச் சடை இல்லை. மணி அடிக்கும் முன்பே போய்விட்டாள்.

சாயங்காலம் டீச்சர் தன் வீட்டுச் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அவருடைய கணவர் வேலையிலிருந்து வர இன்னும் நேரம் இருந்தது. உள் அறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தார்.

ரெட்டைச் சடை நின்றிருந்தாள். கையில் ஒரு பழைய நீல ஸ்வெட்டர்.

"அம்மாவோடது. அவங்க போனதுலேர்ந்து இதை யாரையும் துவைக்க விடலை," என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டே. "நானும் ரெண்டு மாசமா உங்களை முட்டிக்கிட்டேதான் இருக்கேன்."

ஸ்வெட்டரை நீட்டினாள்.

"ரெண்டு நாள் போட்டுக்கங்க, சித்தி. அப்புறம் கழட்டிடலாம்."