நேரமில்லாத மனுஷன்

“நாள் பூரா ஆபீஸ் வேலை. இதுல இவளுக்கு எதுக்கு மாரத்தான்?”

அவருக்குச் சந்தேகம் தட்டியது. மனைவி விடியுமுன்பே ஓட்டப் பயிற்சிக்குக் கிளம்பிவிடுகிறாள். வாசல் தாண்டியதும் போனில் யாரிடமோ குசுகுசுவென்று பேசிச் சிரிக்கிறாள். கேட்டால், “ஆபீஸ் விஷயம்ங்க” என்கிறாள்.

விடிகாலையில் என்ன ஆபீஸ்?

கையும் களவுமாகப் பிடித்தே தீருவதென்று பின்னாலேயே போனார். முதல் வாரம் தெருமுனையிலேயே மூச்சிரைத்து உட்கார்ந்துவிட்டார். ஆபீஸில் தூங்கி வழிந்தார். ஆனாலும் விடவில்லை. போகப் போகப் பாலம் வரை துரத்தினார், பிறகு ஏரி வரை. அவளும் அவர் கண்ணில் படுகிற தூரத்திலேயே ஓடினாள்.

மூன்றாவது மாதம் ஒருநாள், ஏரியைச் சுற்றிவந்து அவள் நின்றாள். மரத்தடியில் யாரோ காத்திருந்தார்கள். அவர் பாய்ந்தார்.

“யார்றா அது?”

திரும்பியது, அவருடைய சொந்த அக்கா!

“போன்ல பேசினது நான்தான்டா. டாக்டர் தலைதலையா அடிச்சுக்கிட்டும், நடக்க நேரமில்லைன்னு சொன்னவனாச்சே நீ!”

மனைவி சிரித்தாள்.

“பாத்தீங்களா அண்ணி? ஏரியையே சுத்திட்டு, மூச்சு வாங்காம சண்டைக்கு நிக்கிறாரு!”