மணியோடு ஒரு விளக்கு

"தீப்பிடிச்சா மணி அடிக்கணும். கேட்டது அவ்வளவுதான். நீ எதுக்கு விளக்கையும் இழுத்து விட்டிருக்க?" குழுத் தலைவர் அவளுடைய கணினித் திரையைத் தட்டினார்.

அவள் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். "பழைய ப்ரோகிராம்ல ஒரு வரியைக்கூடத் தொடலை சார். 'எச்சரிக்கை கொடு'ன்னு எல்லாத்துக்கும் பொதுவா ஒரு கட்டளை, ஒரு இன்டர்ஃபேஸ். மணி அதைத் தன் வழியில செய்யும், விளக்கு தன் வழியில செய்யும். நாளைக்கு வேற எது வந்தாலும் அதுக்குன்னு தனியா ஒரு துண்டு ப்ரோகிராம், ஒரு கிளாஸ், எழுதிச் சேர்த்துக்கலாம்."

"கேட்காத வேலைக்கு இவ்வளவு வக்காலத்தா?"

"ஒரு தடவை ஓட்டிக் காட்டறேன் சார்."

மதியம் எல்லாரும் சாப்பிடப் போனதும் அவள் அறைக் கதவைச் சாத்தினாள். அவர் தன் மேசையில் ஏதோ படித்துக்கொண்டிருந்தார். முதலில் மணியை மட்டும் ஓட விட்டாள். அது போட்ட அலறலில் அவளே காதைப் பொத்திக்கொண்டாள். அவர் நிதானமாக அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

பிறகு விளக்கையும் சேர்த்தாள். அவர் மேசை ஓரம் அவள் பொருத்தியிருந்த விளக்கு சிவப்பாக மின்னியதும் அவர் பதறி எழுந்தார். அப்போதுதான் காதைப் பொத்திக்கொண்டு நின்ற அவளைப் பார்த்தார்.

"எப்போ கண்டுபிடிச்ச?" அவர் குரல் இறங்கிவிட்டது.

அவள் மணியை நிறுத்திவிட்டு, அவர் உதட்டசைவைப் படிக்க வசதியாக முகத்தை நேரே காட்டினாள். "போன மாசம் தீயணைப்பு ஒத்திகையில மணி அடிச்சதும் நாங்க எல்லாரும் கீழே ஓடிட்டோம். நீங்க மட்டும் மேல டைப் அடிச்சிட்டிருந்தீங்க சார். நிஜமாவே தீப்பிடிச்சிருந்தா..."

அவர் கை நீட்டி விளக்கை அணைத்தார்.

"காது கேக்கலைன்னு தெரிஞ்சா வேலை போயிடுமோன்னு வாயைத் திறக்கலைம்மா. இன்னிக்கு நானே மேலிடத்துல சொல்லிடறேன்," என்றவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "நீ இதை எல்லா மாடியிலயும் போடு."