மாமன் உட்காராத சஹன்

"நான் உக்காரலை, நீங்க சாப்பிடுங்க" என்று முனீர் ஒதுங்கியதும் பந்தியில் பேச்சு நின்றுபோனது.

பேகம்பூரில், தங்கை தாஹிராவின் மகளுக்கு நிக்காஹ். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடும் சஹன் விருந்து. மாப்பிள்ளையின் அத்தா ஜமால் முகமது, பெண்ணின் தாய்மாமனுக்கென்று தன் பக்கத்திலேயே இடம் விட்டு வைத்திருந்தார்.

"என்ன பாய், தோல் மண்டிக்காரன் கூட ஒரே தட்டுல சாப்பிடக் கூச்சமா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் முகம் சுண்டிவிட்டது.

"வயிறு சரியில்லைங்க..."

"ரெண்டு வருசமா தங்கச்சி வீட்டுல ஆறுன சாயாவைத் தவிர எதையும் தொட மாட்டாரு. அம்புட்டுப் பெரிய மனுசரு!" என்றார் பக்கத்து சஹன்காரர்.

திரைக்குப் பின்னாலிருந்து தாஹிராவின் குரல் கெஞ்சியது. "அண்ணே, எம் புள்ளைக்காக. ஒரே ஒரு வாய்."

முனீர் உட்கார்ந்தார். பிஸ்மில்லா சொல்லி ஒரு கவளம் எடுத்தார். மென்றார், மென்றுகொண்டே இருந்தார். கண்ணை இறுக மூடி விழுங்கினார்.

ஜமால் முகமது சந்தோஷமாக ஒரு கறித்துண்டை அவர் பக்கம் தள்ளினார்.

அதற்குள் முனீர் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினார்.

பின்னாலேயே வந்த தாஹிரா, அவர் துப்புவதைப் பார்த்துவிட்டாள்.

"என் வீட்டுச் சோறு அம்புட்டுக் கேவலமாப் போச்சா? சம்பந்தி முன்னால என் மானத்தை வாங்கிட்டியேண்ணே! இனிமே என் வாசப்படி மிதிக்காதே."

முனீர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். அவள் அழுதுகொண்டே உள்ளே போனாள்.

விருந்துக்கு வந்திருந்த டாக்டரம்மா அன்னாள் வந்து தண்ணீர் நீட்டினார். முனீருக்கு வைத்தியம் பார்ப்பவர் அவர்தான்.

"உணவுக்குழாய் வெந்து சுருங்கிக் கெடக்கு, கஞ்சிதான் எறங்கும்னு சொல்லிட வேண்டியதுதானே பாய்?"

"எப்படி வெந்துச்சுன்னு கேப்பாளே."

"புளிச்ச தண்ணி மேலேறி வந்து புண்ணாயிருச்சுன்னு சொல்லுங்க. இல்லை, மாத்திரை தொண்டைக்குள்ள ஒட்டிக்கிச்சுன்னு சொல்லுங்க. அப்படியும் பல பேருக்கு வருதே."

"அவகிட்ட ஏற்கெனவே ஒரு பொய் சொல்லிட்டேன். இன்னொண்ணு சொன்னா மாட்டிக்கிருவேம்மா."

"என்ன பொய்?"

"சோப்புக் காய்ச்ச அவ காரச்சோடாவைச் செம்புல கரைச்சு, தண்ணிப்பானை மேல வச்சிருந்தா. வெயில்ல வந்தவன் தண்ணின்னு குடிச்சிட்டேன். கை தட்டிக் கொட்டிருச்சுன்னுதான் அவகிட்ட சொல்லிருக்கேன்."