யாபேஸ் ஐயர் குடித்த காப்பி

சபையின் வீடுகளிலெல்லாம் இப்போது ஜெபக்கருவி இருந்தது. போதகர் யாபேசின் குரலில் அது ஆறுதல் சொல்லும். வீட்டார் சொல்லக் கேட்டதை அவரிடம்கூடச் சொல்லாது. சபையார் மட்டும் அவரே கேட்பதாக நம்பினார்கள்.

துக்கம் விசாரிக்க வந்த யாபேசிடம் எப்சிபா காப்பியை நீட்டினாள். அவள் கணவனை அடக்கம்செய்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

“எல்லாம் தெரிஞ்சும் என் கையால வாங்கிக் குடிக்கீகளே, ஐயரே.”

அவருக்கு எதுவும் தெரியாது.

“கர்த்தர் மன்னிச்சிட்டாருன்னு நேத்து சொன்னீகளே, நெசந்தானா?”

சொன்னது தானில்லை என்று வாய்வரை வந்தது. அதைக் காப்பியோடு சேர்த்து விழுங்கினார்.

“நாந்தானம்மா சொன்னேன். நெசந்தான். ஞாயித்துக்கெழம கோயில்ல திருவிருந்து எடுக்க வாங்க.”

வீடு திரும்பியதும் யாபேஸ் முழங்காலிட்டார். என்னவென்றே தெரியாத அவள் பாவத்துக்கும், தெரிந்தே சொன்ன தன் பொய்க்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டார்.