மூன்றாவது தொடல்

நகைக்கடை வரவேற்பில் நிற்கும் செண்பகவல்லியின் முகம் கடையின் ஒப்பந்தத்தில் இருந்தது. ஒரு நாளைக்கு மூன்று முறைக்கு மேல் அதை யார் தொட்டாலும், அவளே தொட்டாலும், வேலை போய்விடும். காதோரம் ஒட்டியிருந்த சின்ன உணரி வில்லை ஒவ்வொரு தொடலையும் விடாமல் எண்ணியது.

காலையில் தூக்கக் கலக்கத்தில் கண்ணைக் கசக்கியதில் ஒன்று போயிற்று. பேருந்தில் முந்தானையால் வியர்வையைத் துடைத்துத் தொலைத்தாள், இரண்டு. மிச்சமிருந்த ஒன்று மகளுக்கு. நாளெல்லாம் மோவாயில் ஒரு பரு நமநமவென்றது. கைகளை இறுகக் கோத்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி வீடு வந்து சேர்ந்தாள்.

வாசலுக்கு ஓடிவந்த ஆறு வயது இதழினி, வழக்கம்போல் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரடி தள்ளி நின்றாள்.

“மிச்சம் இருக்காம்மா?”

“ஒண்ணு இருக்குடி. ஓடி வா, முத்தம் குடு.”

அவள் வரவில்லை.

“வேணாம்மா. நேத்து அழுதியே... இன்னிக்கும் அழுதா தொடச்சுக்க வேணாமா?”