பொய் எழுதிய வழக்கு

"பாக்கைத் துப்பிட்டு வாங்கக்கா. உள்ளே மூணு நீதிபதிங்க உட்கார்ந்திருக்காங்க."

தலைநகரில், வைகானி உச்ச நீதிமன்ற வாசலில் காவலுக்கு நின்ற வாகி, சுண்ணாம்புக் குப்பிக்காகக் கை நீட்டினார். ஆஸ்லின் சிரித்துக்கொண்டே கொடுத்தாள். அவளோடு வந்திருந்த பஸ் டிரைவர் கெரெங்காவும் தன் குப்பியை எடுத்து வைத்தார்.

"சிம்பு மலைப் பக்கமா? மலைக்காரங்க, கடலோரத்து எங்ககிட்டயே பாக்கு வாங்கி, எங்க படியிலேயே துப்புவீங்க."

"விக்கிறப்ப மட்டும் இனிச்சுதாக்கும்?"

வாகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன வழக்கு?"

"ஃபேஸ்புக் அவதூறு. அந்தச் சட்டம் பேச்சுரிமைக்கு ஒத்துப்போகுதான்னு இன்னிக்கு விசாரணை."

பேப்பரில் படித்தது வாகிக்கு நினைவு வந்தது. கிளினிக் மருந்தை நர்ஸே திருடி விற்கிறாள் என்று எழுதிய வழக்கு. சட்டம் நிலைத்தால், எழுதியவருக்குப் பல வருஷம் ஜெயில். பாவம், இந்த அக்காவா!

"எழுதினது நிஜந்தானேக்கா?"

"பச்சைப் பொய்."

"ஐயய்யோ! உள்ளே போய் இப்படிச் சொல்லிடாதீங்க!"

"அதைச் சொல்லத்தான் வந்திருக்கேன். அஞ்சு மாசமா மருந்தே வரலை. வராததை எப்படி விக்கிறது? மன்னிப்புக் கேட்டு, பன்னி வெட்டி, ரெண்டு குடும்பமும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டாச்சு. புகாரையும் வாபஸ் வாங்கியாச்சு. போலீஸ்தான் விடமாட்டேங்குது."

"பொய் சொன்னா தண்டனை வேணாமாக்கா?"

"வேணும். திருத்தி எழுது, நஷ்டஈடு குடுன்னு சொல்லட்டும். ஜெயில்ல போட்டா? மருந்து இல்லைங்கிற நிஜத்தைக்கூட அப்புறம் யாரும் எழுதமாட்டாங்க. இப்பவே எங்க ஊர்ல எல்லாரும் ஃபோனை மூடி வச்சிட்டாங்க."

உள்ளிருந்து கூப்பிட்டார்கள். மனசு கேட்காமல் வாகியும் கதவுவரை போய் எட்டிப் பார்த்தார்.

நடுவிலிருந்த நீதிபதி காகிதத்திலிருந்து தலைநிமிர்ந்தார். "அந்தப் பதிவை எழுதியவர் யார்?"

ஆஸ்லின் அசையவில்லை. பக்கத்தில் கெரெங்கா எழுந்தார்.

"இவரை ஜெயிலுக்கு அனுப்பக்கூடாது என்று மனுப் போட்டவர்?"

ஆஸ்லின் எழுந்தாள்.

"உங்களையும் கேட்பதென்று முடிவு செய்திருக்கிறோம். நீங்கள் இவருக்கு என்ன உறவு?"

"உறவெல்லாம் இல்லீங்கய்யா. மருந்தைத் திருடி வித்ததா இவர் எழுதினாரே, அந்த நர்ஸ் நான்தான்."